கொதித்த எஞ்சினும் அதனைச் செப்பனிடும் முறையும்

கோடைக்காலத்தில் மலைச்சாலைகளின் ஓரத்தே, முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி கக்கி நிற்கும் மோட்டார் வண்டிகளைக் காணாதார் இலர். வண்டிக்குரியவர் கையில் நீர்ப்புட்டியுடன் திகைத்து நிற்பார், உள்ளிருந்தோர் இறங்கி மரநிழலை நாடுவர், வழிப்போக்கர் ஒருவர் வந்து, "வண்டி கொதித்துவிட்டது போலும்!" என்பார். கொதிப்பது வண்டியன்று, வண்டியினுள் நின்ற நீரே. இடத்தின் பெயர் அவ்விடத்துள்ள பொருளுக்கு ஆகி வந்தமையின் இஃது இடவாகுபெயர் என்று இலக்கணம் பயில்வோர் உடனே கூறிவிடுவர். எஞ்சினைச் செப்பனிடப் புகுவோரும் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். நீர் கொதித்ததோடு நின்றதா, அன்றி எஞ்சினே வெப்பத்தாற் கேடுற்றதா என்பதைத் தெளிவதிலேயே அவ்வண்டியின் பிற்காலம் அடங்கியிருக்கின்றது. முன்னது சிறு செலவிற் போகும். பின்னது உடையவரின் பல மாத வருவாயை விழுங்கும்.

எஞ்சினுக்கு நீர் எற்றுக்கு என்பதை முதற்கண் ஆராய்வாம். பெட்ரோல் எரிதலாற் பிறக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. ஏறக்குறைய மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. எஞ்சியது சிலிண்டர்ச் சுவர்களிலும், பணிமனையார் 'ஹெட்' என்று வழங்கும் மேல்மூடியிலும் ஏறுகின்றது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் கடக்கும். அலுமினியமோ 660 பாகையில் உருகும். அங்ஙனமிருந்தும் அலுமினியத்தாலாகிய பிஸ்டன் உருகாது நிற்பது, இடைவிடாது வெப்பத்தை வாங்கிச் செல்லும் நீரும் எண்ணெயும் உண்மையினாலேயே. வாட்டர் பம்ப் நீரை உந்துகின்றது. நீர் எஞ்சினைச் சுற்றி வந்து, முன்னே நிற்கும் ரேடியேட்டரிற் புகுந்து, காற்றினாற் குளிர்ந்து மீள்கின்றது. இடையில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு வாயில் காவலன் உளன். அவனுள்ளே மெழுகு உண்டு. நீர் 82 முதல் 88 பாகை வரை சூடேறியபின் அம்மெழுகு உருகி விரிந்து வாயிலைத் திறக்கும். அதுவரையில் நீர் ரேடியேட்டருக்குட் செல்லாது. எஞ்சின் விரைவிற் பதமான சூட்டை அடைதற்கு இவ்வேற்பாடு.

'ரேடியேட்டர்' என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். கதிர் வீசுவது என்பது அதன் பொருள். உண்மையில் அதனிடத்து வெப்பத்தின் பெரும்பகுதி கதிராக வீசப்படுவதன்று. அதனூடே செல்லும் காற்றே அள்ளிச் செல்வது. பெயர் தவறியும் பொருள் தவறாது வழங்கும் சொற்களுள் இதுவும் ஒன்று. காற்றுச் செல்லாவிடின் ரேடியேட்டர் வெறும் தகரப் பெட்டியே என்பதை நினைவிற் கொள்க.

தொடக்கக் கால வண்டிகளில் நீர் கொதித்தல் பிழையெனக் கருதப்படவில்லை. 1886-இல் கார்ல் பென்ஸ் உரிமைப் பத்திரம் பெற்ற வண்டியில் நீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்குவதே குளிர்விக்கும் முறையாயிருந்தது. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவர்தம் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் மைந்தர் இருவரை ஏற்றிக்கொண்டு, கணவர் அறியாமலே மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறக்குறைய 106 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். எரிபொருளை வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் வாங்கினார். அடைபட்ட எரிபொருட் குழாயைத் தம் தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார். நீரையோ வழிநெடுகக் கிடைத்த இடங்களிலெல்லாம் ஊற்றிக்கொண்டே சென்றார். உலகின் முதல் நெடும் மோட்டார்ப் பயணத்தை முடித்தவரும், வழியிற் பழுது பார்த்தவரும் ஒரு பெண்மணியே என்பது நம் கல்லூரிச் சகோதரிகளுக்கு உவப்பாகும். பின்னர் 1901-இல் வில்ஹெல்ம் மைபாக், காற்றுப் புகும் சிறு குழாய்களை எட்டாயிரத்துக்கு மேல் அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை மெர்சிடிஸ் வண்டிக்கு அமைத்தார். 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு 'டி' வண்டிகளுள் மிகப் பலவற்றுக்கு வாட்டர் பம்பே இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும் என்னும் இயற்கையையே அவை நம்பி ஓடின.

இக்காலத்து வண்டியில் நீர் மூடிய கலத்தினுள் அழுத்தத்தோடு நிற்கின்றது. ரேடியேட்டர் மூடியின் வில் ஏறக்குறைய 0.9 பார் அழுத்தம் வரையிற் காத்துநிற்கும். அவ்வழுத்தத்தில் வெறும் நீரும் 118 பாகை வரையிற் கொதியாது. கூலண்ட் என்னும் கிளைக்கால் கலந்த நீர் அதற்கும் மேலே தாங்கும். இதுவே வசதி, இதுவே இடரும் ஆம். நீர் 115 பாகையில் நிற்கையில் ஒருவர் மூடியைத் திறப்பாராயின் யாது நிகழும்? 5 லிட்டர் நீர் எனக் கொள்வோம். அழுத்தம் நீங்கிய அக்கணமே 100 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் முழுதும் ஆவியாக்கும் வேலையிற் புகும். கணக்கிட்டுப் பார்ப்பின் 140 கிராம் அளவு நீர் ஆவியாகும். இது சிறிதெனத் தோன்றும். ஆயின் அவ்வாவி விரிந்து 230 லிட்டர் இடத்தை நிரப்புவது. அது வெளிப்படும் வாயோ மூன்று விரல் அகலம். வரும்போது மீதிக் கொதிநீரையும் உந்திக்கொண்டு முகத்தை நோக்கி வரும். முகமும் கழுத்தும் கைகளும் வெந்து மருத்துவமனை புகுந்தோர் பலர். ஆதலின் செப்பனிடும் முறைகளுள் முதலாவது, மூடியைத் தொடாமலிருத்தல். அரைமணி நேரமேனும் பொறுத்து, மேற்குழாயைத் தொட்டு அழுத்தினால் அது கையைச் சுடாமலும் விறைக்காமலும் இருத்தலைக் கண்டபின்னரே, தடித்த துணியை மூடியின்மேலிட்டு, முகத்தை விலக்கி, மெல்லத் திருகுக.

மலைச்சாலையில் இந்நோய் மிகுதற்குக் காரணமும் கணக்கினாலே விளங்கும். மேட்டுப்பாளையத்தினின்று உதகமண்டலம் ஏறும் வண்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர்கின்றது. 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குதற்கு மட்டும் வேண்டும் வேலை 2 கோடியே 20 லட்சம் ஜூல். முன்னர்க் கூறிய பங்கீட்டின்படி ஏறக்குறைய அவ்வளவு வெப்பமே நீரிலும் ஏறும். வெளியே செல்ல வழியில்லையாயின், 8 லிட்டர் நீரை முற்றும் ஆவியாக்கிவிட அது போதும். சிறு வண்டி கொண்டிருக்கும் நீரோ 5 லிட்டர் அளவினது. சமவெளியில் விரைந்தோடும் வண்டிக்குக் காற்று எதிரே வந்து உதவும். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையில் ஊர்ந்தேறும் வண்டிக்கு அவ்வுதவி இல்லை. விசிறி ஒன்றே துணை. அவ்விசிறியும் சுழலாதாயின் நிலைமை என்னாகும் என்பது சொல்லாமே விளங்கும்.

நிற்க. வெப்பமானியின் முள் ஏறக் கண்டவர் வழியிற் செய்யத்தக்கன யாவை? குளிர்சாதனத்தை நிறுத்துக. உள்ளே வெப்பக் காற்று வீசும் கருவி உளதாயின் அதனை முழுதும் திறந்து விடுக. வேனிற்காலத்தில் இஃது எள்ளற்குரியதாய்த் தோன்றினும், அக்கருவியும் ஒரு சிறு ரேடியேட்டரே ஆதலின் எஞ்சினின் வெப்பத்திற் சிறிதை அது வாங்கிக்கொள்ளும். இயன்ற விரைவில் ஓரம்கட்டி நிறுத்துக. நிறுத்தியபின் எஞ்சினை அணைப்பதா, ஓடவிடுவதா என்பதிற் பணிமனையாருள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. அணைத்தவுடன் பம்ப் நின்றுவிடுமாதலின் உள்ளே தேங்கிய வெப்பம் சிறிது நேரம் ஏறவே செய்யும் என்பது ஒருசாரார் கூற்று. அது மெய்யே. ஆயின் நீர் ஒழுகுதலோ ஆவி எழுதலோ காணப்படின், சுற்றி வருதற்கு நீரே இல்லையாகலின், உடனே அணைத்தலே தக்கது என்பது நமது துணிபு. ஒழுக்கு இன்றி முள் மட்டும் சற்றே ஏறியிருப்பின் சுமையின்றி ஓடவிட்டுப் பார்க்கலாம். ஓரிரு நிமிடத்தில் முள் இறங்காவிடின் அணைக்க வேண்டியதே.

வெப்பமானியை முற்றும் நம்பிவிடலும் ஆகாது. அதன் உணர்கருவி நீரினுள் மூழ்கியிருந்தாலன்றிச் சரியாகக் காட்டாது. குழாய் வெடித்து நீர் முழுதும் வெளியேறிய வண்டியில், முள் கீழிறங்கிக் குளிர்ச்சியைக் காட்ட, எஞ்சினோ உள்ளே வேகும். ஏறிய முள் காரணமின்றிச் சட்டென விழுந்தால் மகிழ்தற்கு இடமில்லை, அச்சத்திற்கே இடமுண்டு. மற்றொன்று, கொதிக்கும் எஞ்சினில் தண்ணென்ற நீரை ஒருங்கே ஊற்றுதல். சூடேறிய கண்ணாடிக் குவளையிற் குளிர்நீர் ஊற்றியவர் அறிவர் அதன் விளைவை. எஞ்சின் ஆறியபின், அதனை ஓடவிட்டுக்கொண்டே, சிறிது சிறிதாக ஊற்றுதலே முறை.

இனிப் பணிமனைக்கு வருவோம். நோய் இன்னதென்றும், அதன் முதற்காரணம் இன்னதென்றும் நாடிய பின்னரே தீர்க்கும் வழியை நாடுக என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் முறை இங்கும் பொருந்தும். எளியனவற்றிலிருந்து தொடங்குதல் நலம். பெல்ட் அறுந்ததா அல்லது தளர்ந்ததா? குழாய்களிலோ, பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலோ ஒழுக்கு உண்டா? மின்விசிறி சுழல்கின்றதா? சுழலாவிடின் பியூஸ் எரிந்ததா, ரிலே கெட்டதா? ரேடியேட்டரின் முகத்தில் மண்ணும் பூச்சியும் அப்பியுள்ளனவா? எஞ்சின் சூடேறிய பின்னும் மேற்குழாய் சுட்டுக் கீழ்க்குழாய் குளிர்ந்திருப்பின் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று ஐயுறலாம். அதனைக் கழற்றி, கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தில் நூலிற் கட்டித் தொங்கவிட்டு, திறக்கின்றதா எனக் காண்பது சமையலறையிலும் செய்யத்தக்க சோதனை. சிலர் தெர்மோஸ்டாட்டை எடுத்தெறிந்துவிட்டு வண்டியை ஓட்டுகின்றனர். எஞ்சின் பதமான சூட்டை அடையாது ஓடி எரிபொருளை வீணாக்குதலன்றி, உண்மை நோயையும் மறைத்துவிடுமாதலின் நாம் அதனை ஒப்புவதில்லை.

இவையெல்லாம் காரணங்கள். கொதிப்பின் விளைவோ ஹெட் கேஸ்கெட்டிற் காணப்படும். ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் இடையே கிடக்கும் மெல்லிய தகடு அது. ஒருபால் எரியும் வாயு, ஒருபால் நீர், ஒருபால் எண்ணெய் என்னும் மூன்றையும் ஒன்றோடொன்று கலவாது காப்பது. அலுமினியம் ஒவ்வொரு பாகைக்கும் வார்ப்பிரும்பினும் ஏறக்குறைய இருமடங்கு நீள்வது. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 100 பாகை மிகுதியாகச் சூடேறின் 0.92 மில்லிமீட்டர் நீள முயலும். அதன்கீழ் உள்ள இரும்புப் பிளாக்கோ 0.44 மில்லிமீட்டர் அளவே நீளும். திருகாணிகள் இரண்டையும் இறுகப் பிணித்திருக்கின்றன. நீள இடமின்றி நெருக்குண்ட ஹெட் வளைகின்றது. இடைப்பட்ட தகடு நசுங்கிக் கிழிகின்றது.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பணிமனையிற் சில நாட்கள் தங்கிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கு வாடகை வண்டியொன்று கயிறு கட்டி இழுத்துவரப்பட்டது. மலையேறுகையிற் கொதித்ததற்கு முன்னர் வேறோரிடத்தில் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தனர். அடுத்த ஏற்றத்தில் மீண்டும் கொதிக்க, சவாரியை இடையில் இறக்கிவிட மனமின்றி, அடுத்த ஊர் வரை செல்லலாம் என்று பத்துக் கிலோமீட்டர் ஓட்டியிருந்தார் அந்த ஓட்டுநர். வண்டியின் கடன் தவணை இன்னும் முடியவில்லை. "அண்ணே, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று அவர் கேட்டதையும், "ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் நான் விலை சொன்னால் அது பொய் விலை, தம்பி" என்று மூத்த மெக்கானிக் விடையிறுத்ததையும் நாம் மறக்கவில்லை. நோயை அறியுமுன் விலை கூறுவார் மலிந்த இடத்தில் அவ்விடை நமக்குப் பெரிதாய்ப் பட்டது.

கழற்றுமுன் அவர் செய்த சோதனைகள் பல. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார்; அதன் அடியிற் பால் கலந்த காப்பி போன்ற வெளிறிய குழம்பு ஒட்டியிருந்தது. எண்ணெயில் நீர் கலந்தமைக்கு அது சான்று. நெடுநாள் குறுந்தொலைவே ஓடும் வண்டியிற் சிறிது ஈரம் இங்ஙனம் படிதலும் உண்டாகலின், அவர் இவ்வொன்றையே நம்பவில்லை. ரேடியேட்டரில் நீர் நிரப்பி, ஆறிய எஞ்சினைச் சிறிது ஓட்டினார். நீர் சூடாகு முன்னரே குமிழிகள் எழுந்தன. நீலநிறத் திரவம் அடங்கிய கண்ணாடிக் குழலை ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை அதனூடே இழுத்தார், நீலம் மஞ்சளாயிற்று. எரிந்த வாயுவிலுள்ள கரியமிலவாயு நீர்வழியிற் புகுந்தமையை அந்நிறமாற்றம் காட்டும். இறுதியாகக் கம்பிரஷன் அளந்தார். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அது தாழ்ந்திருந்தது. அவ்விரண்டின் இடையே தகடு கிழிந்துள்ளது என்று கழற்றுமுன்னரே கூறினார். கழற்றியபின் அவ்விடத்தே கரிக்கோடு ஒன்று கண்டோம்.

ஹெட்டைக் கழற்றுதலிலும் முறை உண்டு. எஞ்சின் முற்றும் ஆறியிருத்தல் வேண்டும். திருகாணிகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். மீளப் பூட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இறுக்குவர். இவ்வொழுங்கு பிறழின் நேரான ஹெட்டும் கோணும். கழற்றிய ஹெட்டைத் துடைத்து, அதன் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்ப்பர். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே எல்லை. அஃது ஒரு தலைமயிரின் கனத்தை ஒத்தது. அவ்வண்டியின் ஹெட்டில் 0.15 மில்லிமீட்டர்த் தகடு தடையின்றிப் புகுந்தது.

வளைந்த ஹெட்டை லேத் பட்டறையிற் கொடுத்துச் சமனாக்குவர். 'ஃபேஸிங் போடுதல்' என்பது வழக்கு. அதற்குமுன் வெடிப்பு உண்டா என்று அழுத்தச் சோதனை செய்தல் இன்றியமையாதது. வால்வுகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய பகுதியிலேயே வெடிப்பு மிகுதியும் தோன்றும். வெடித்த ஹெட்டைச் சமனாக்குதல் ஓட்டைக் குடத்துக்கு வண்ணம் தீட்டுவதாகும். மிகுவெப்பம் உண்ட அலுமினியக் கலவை தன் உறுதியை இழந்து மென்மையாதலும் உண்டு. அத்தகையது சமனாக்கினும் நில்லாது. அன்றியும் எவ்வளவு செதுக்கலாம் என்பதற்கு ஆக்கியோர் விதித்த எல்லை உளது. கேம்ஷாப்ட் ஹெட்டினுள்ளேயே அமைந்த எஞ்சின்களில், அடிமுகம் வளைந்தபோது கேம்ஷாப்ட் அமரும் துளைகளும் உடன் வளைந்திருக்கும். அடியைச் செதுக்குதலால் அவை நேராகா. கேம்ஷாப்ட் கையினால் தடையின்றிச் சுழல்கின்றதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். சிலிண்டர்ச் சுவரிற் கீறல்கள் காணின் பிஸ்டனும் கேடுற்றது என்று பொருள். பின்னர் ஹெட்டோடு வேலை முடியாது. நாம் கண்ட வண்டியில் நல்வாய்ப்பாகக் கீறல் இல்லை. ஹெட்டிலும் வெடிப்பு இல்லை. அதன் பின்னரே மெக்கானிக் ஓட்டுநரை அழைத்து விலை கூறினார்.

பூட்டும் நாளிற் பொறுமையே பெரிதும் வேண்டப்படுவது. பிளாக்கின் முகத்தில் ஒட்டிய பழைய தகட்டின் துணுக்குகளைக் கீறலின்றி அகற்றல் வேண்டும். திருகாணித் துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருப்பின் துணியால் ஒற்றி எடுத்துவிடுக. திரவம் நசுங்காதாகலின், திருகாணியை இறுக்குகையில் அது பிளாக்கையே பிளந்துவிடும். இச்சிறு செய்தியை அறியாது பிளாக்கை இழந்தோரைப் பற்றி அம்மெக்கானிக் வருத்தத்தோடு எடுத்துரைத்தார். இறுக்குகையில் நீண்டு கொடுக்கும் வகைத் திருகாணிகளை இரண்டாம் முறை பயன்படுத்தலாகாது; புதியனவே வேண்டும். கைவலிமையை நம்பாது, டார்க் ரெஞ்ச் கொண்டு, ஆக்கியோர் குறித்த அளவில், இரண்டு மூன்று படிகளாக இறுக்குவர். எண்ணெயும் அதன் வடிகட்டியும் புதியனவாதல் வேண்டும். நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளைத் தின்றுவிடும். எல்லாவற்றினும் மேலாக, முதற்காரணத்தையும் தீர்த்தல் வேண்டும். அவ்வண்டியின் ரேடியேட்டரைக் குடைந்தபோது உள்ளே சுண்ணாம்பு போற் படிந்த உப்பு, குழாய்களிற் பாதியை அடைத்திருந்தது. பல்லாண்டாய்க் கிணற்று நீரை ஊற்றி ஓட்டியதன் பயன். நம் நாட்டுக் கடினநீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் நாம் நாள்தோறும் காணும் அவ்வெண்படிவே அது. ரேடியேட்டர் மாற்றப்பட்டது.

வடிநீரும் கிளைக்காலும் சமபங்கு கலந்த கூலண்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடுதல் உண்டு. ஏர் லாக் என்பர். வண்டியின் முகப்பைச் சற்றே உயர்த்தி, வெப்பக் கருவியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும் வரையில் நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலோ தெருவிலோ கொட்டின் நாயும் பூனையும் நக்கி மடியும்; அம்மெக்கானிக் அதனை மூடியிட்ட கலத்திற் சேர்த்து வைத்திருந்தார்.

வண்டியை ஒப்புவிக்குமுன் அதனை அவர் தாமே ஓட்டிச் சென்றார். ஓட்டுநரும் நாமும் உடனிருந்தோம். முள் நடுவில் நின்றது. விசிறி உரிய காலத்திற் சுழன்று உரிய காலத்தில் நின்றது. அன்றே வண்டியைக் கொடாது இரவு முழுதும் ஆறவிட்டு, மறுநாட் காலையில் நீர்மட்டத்தைப் பார்த்தார். விரலளவு குறைந்திருந்தது. ஓட்டுநரின் முகம் வாடிற்று. உள்ளே தங்கிய காற்று வெளியேறினும் இவ்வளவு குறையும் என்று சொல்லி, குறைந்ததை நிரப்பி, மட்டத்தில் மையினாற் கோடிட்டு, மூன்று நாட்கள் சமவெளியில் மட்டும் ஓட்டி, நாள்தோறும் எஞ்சின் ஆறியிருக்கும் விடியற்காலையில் அக்கோட்டைப் பார்த்து வருமாறு பணித்தார். வெளியே ஒழுக்கின்றி மேலும் குறையுமாயின் ஹெட்டை மறுபடியும் கழற்றவேண்டும் என்பதையும் ஒளிக்காது உரைத்தார். நான்காம் நாள் ஓட்டுநர் வந்தபோது நீர் கோட்டிலேயே நின்றது.